கணக்கப்பிள்ளையின் வயிறும் கட்டைக் காளானும்

பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளில், மழை விட்ட மறுநாள், வெட்டிப்போட்ட மரத்தில் அடுக்கடுக்காகப் பூக்கிற காளான் இருக்கிறதே, அதை ஒரு சட்டி தின்றவன் வயிற்றில் கருங்கல் கிடந்தாலும் விடியுமுன் தானாக வெளியே வந்து சேரும். கருங்கல் என்றது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஒத்துக்கொள்ளலாம். கல்லைத் தின்றுவிட்டுக் காளானைத் தேடி ஓடியவர் எவரும் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்ததில்லை. ஆனால் கணக்கப்பிள்ளை அழகுமுத்துவின் வயிற்றில் கிடந்தது கருங்கல்லுக்கு அதிகம் குறைந்ததில்லை. அதை அந்தக் காளான் அசைத்தது. அதில் கூட்டல் கிடையாது.

இப்போது அதற்குச் சிப்பிக் காளான் என்று பேர் வைத்து, குடலுக்கு நல்லது, செரிமானத்துக்கு நல்லது என்று தட்டில் அடுக்கி விற்கிறார்கள். அன்றைக்கு அதற்கு அந்த மரியாதை இல்லை. கட்டையில் பூத்ததால் கட்டைக் காளான். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த கூலிச் சனம் தின்றது. லயத்துச் சனம் தின்றதாலேயே அழகுமுத்து தின்ன மாட்டார்.

அவர் பிறந்தது என்னவோ லயத்து ஒற்றை அறைக் காம்பராவில்தான். அவருடைய தாய் கொழுந்துக் கூடை சுமந்தவள். மழைக்காலத்தில் மடி நிறையக் காளான் பொறுக்கி வந்து, மிளகைத் தட்டிப் போட்டு வதக்கி, மகனுக்கு ஊட்டி வளர்த்தாள். வளர்ந்த பிள்ளை அட்டன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவருக்குக் கணக்கப்பிள்ளை வேலையும் வந்தது. தோட்டத்துச் சனத்துக்கு அந்தச் சுதந்திரத்தில் பங்கு கிடைக்கவில்லை. முழுவதும் தனக்கே வந்துவிட்டதாக அழகுமுத்து எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு லயம் இருக்கிற திசையே பிடிக்காமல் போயிற்று. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை மேசு, அதாவது காலுறை, தலையில் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை கழித்துப்போட்ட தொப்பி, கையில் ஒரு பிரம்பு. நடை மட்டும் தொரை நடையாக வரவில்லை. வெயிலில் காய்ந்த வேட்டி போல விறைப்பாக வந்தது. சாப்பாட்டில்தான் அவர் தொரையையே மிஞ்சினார். காலையில் கடை ரொட்டியான பாண், டின் வெண்ணெய். பகலில் தும்பைப்பூப் போல வெள்ளைச் சோறு, டின் மீன். சாயந்தரம் பிஸ்கட்டும், டின் பாலைக் கூழாக ஊற்றிய தேத்தண்ணியும். இரவுக்கு மறுபடியும் பாண். கீரை வைத்தால், "ஆடு கட்டியிருக்கியா வீட்ல?" என்பார். குரக்கன் என்ற கேழ்வரகில் ரொட்டி சுட்டால், "இது கூலியாளுக்கு" என்பார். முருங்கைக்காயைச் சபையில் மென்று துப்புவது கௌரவம் இல்லை என்று அதையும் விட்டார். இப்படி நார் உள்ள பண்டம் ஒவ்வொன்றையும் கௌரவம் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்ததில், கடைசியில் வயிற்றுக்குள் மிஞ்சியது கௌரவம் மட்டுமே. அது வெளியே வர மறுத்தது.

அவர் வீட்டுக்குப் பின்னால், மேட்டில், தகரக் கதவு போட்ட கக்கூசு ஒன்று இருந்தது. அதற்குக் கீழேதான் மேல் லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு இறங்குகிற பாதை. பெரட்டு என்றால், விடியற்காலையில் தப்பு அடித்ததும் ஆட்கள் எல்லாம் களத்தில் கூடி நிற்பது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, இன்னார் இந்த மலைக்குக் கொழுந்தெடுக்க, இன்னார் அந்த மலைக்குப் புல்வெட்ட என்று பிரித்து அனுப்புவார். கடைசிப் பேர் கூப்பிட்ட பிறகு வருகிறவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் வேலை இல்லை, கூலி இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆட்களைத் திருப்பி அனுப்புவதில் அழகுமுத்துவுக்கு ஒரு ருசி. பாணிலும் டின் மீனிலும் இல்லாத ருசி. அப்படிப்பட்டவரே நாளடைவில் பெரட்டுக்குப் பிந்தத் தொடங்கினார். தப்பு அடித்து ஓயும்; சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பனியில் நடுங்கும்; மேட்டில் தகரக் கதவு மூடியே இருக்கும். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்கும். பாதையில் இறங்குகிற பொம்பளைகள் சேலையை வாயில் வைத்துக்கொண்டு போவார்கள்.

"ஐயா இன்னும் பேர் கூப்புடலையாடி?"

"கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. வரத்தான் மாட்டேங்குது."

விளக்கெண்ணெய் குடித்துப் பார்த்தார். அது பெரட்டு நடுவில் வேலை காட்டியது. பேர்ப் பட்டியலின் பாதியில் முழங்காலை முழங்காலோடு சேர்த்துக்கொண்டு, 'வேலாயி' என்ற பேரை வேலாயி திகைக்கிற அளவுக்கு நீட்டிக் கூப்பிட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினார். அட்டன் கடையில் சீமை உப்பு என்று ஒரு போத்தல் வாங்கினார். அதைக் குடித்தால் ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை, வேலையை விட்டு இந்தியாவுக்குப் போவதென்று முடிவு செய்தார். அவருடைய இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள்: மேல் பிரிவில் அழகுமுத்து, கீழ்ப் பிரிவில் செல்லசாமி. செல்லசாமிக்குப் பெரிய மூளை ஒன்றும் இல்லை; நேரத்துக்கு வருவார், அவ்வளவுதான். கொழும்புக் கம்பெனியிலிருந்து ஏஜன்ட் தொரை வருகிற அன்று பெரட்டைப் பார்த்துவிட்டு, யாருக்கென்று சொல்வதாகப் பேச்சு. பெரிய கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஓட்டுக் கூரை, முன்னால் ரோசாப் பாத்தி. அழகுமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அந்த ரோசாவை இப்போதே அதட்டிவிட்டு வருவார்.

இதற்கிடையில் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை ஒரு நாள் காலை மோட்டார் சைக்கிளில் வந்து, கணக்கப்பிள்ளை இல்லாத களத்தைப் பார்த்துவிட்டுப் போனார். "இன்னொரு தரம் பிந்தினா நீ வேணாம்" என்று ஆள் அனுப்பினார்.

அழகுமுத்துவின் மனைவி நாகலெட்சுமி டிக்கோயாப் பக்கத்துக் கங்காணி மகள். புருஷனுக்குப் புத்தி வராது என்பது கல்யாணமான வருஷமே தெரிந்துவிட்டதால், வயிற்றையாவது வழிக்குக் கொண்டு வரலாமென்று பார்த்தாள். இவர்களுடைய ஒரே மகள் பூரணி. அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இப்போது இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு இங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

"ஏங்க, மழை விட்டிருக்கு. கட்டைக் காளான் நல்லாப் பூத்திருக்காம்" என்றாள் நாகலெட்சுமி. "நார் உள்ள பண்டம், வயித்துக்குப் பாரமும் இல்லை. நாலு நாள் சாப்பிட்டுப் பாருங்க, தானா இளகும்."

"நாய்க்குடையா? என்னையா திங்கச் சொல்ற?"

"நாய்க்குடை தரையில முளைக்கிறது. அதை யாரு தொடச் சொன்னா? இது மரத்துல பூக்குறது. உங்க அம்மா ஆக்கிப் போட்டதுதானே?"

"எங்கம்மா ஆயிரம் ஆக்குனாங்க. அது லயத்துக் காலம்."

"பங்களாவுல தொரையே டின்ல வரவழைச்சுத் திங்குறாராம். அங்க சமைக்கிற குசினிக்காரர் சொன்னாரு."

"அது மஷ்ரூம்டி" என்றார் அழகுமுத்து. "இது காளான்."

இதற்கு மேல் ஒரு மனிதனோடு பேச என்ன இருக்கிறது?

நாகலெட்சுமி பேசுவதை விட்டாள். மேல் லயத்தில், காட்டோரத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த பேச்சியம்மாவைப் பிடித்தாள். பேச்சியம்மா கைபடாத கட்டை அந்தக் காட்டில் கிடையாது. எந்த மரத்தில் பூத்தது தின்னத்தக்கது, எதைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்பதெல்லாம் மேல் லயத்துப் பொம்பளைகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடியுமுன் பறித்தால் பூச்சி ஏறியிருக்காது. ஆகையால் பேச்சியம்மா இருட்டோடு காட்டோரம் ஏறி, வெள்ளை வெள்ளையாக, காது மடல் போல விரிந்திருந்ததை மடியில் கட்டிக்கொண்டு வந்து, கணக்கப்பிள்ளை வீட்டுப் பின்கதவில் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். பதிலுக்கு நாகலெட்சுமி, கணக்கப்பிள்ளையின் டின் பாலில் பாதியைப் பேச்சியம்மாவின் பிள்ளைகளுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு நிபந்தனை: ஐயாவுக்குத் தெரியக்கூடாது.

காளானைக் கத்தியால் நறுக்காமல் நார்வாக்கில் கையால் கிழித்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு, அதன் தண்ணீரிலேயே நன்றாக வேகவிட்டு இறக்குவாள். அரைவேக்காட்டில் தின்றால் அதே காளான் வயிற்றைப் பொருமவைத்துவிடும். பாணைப் பாதியாகக் குறைத்தாள். பக்கத்தில் சுடுதண்ணீர் வைத்தாள்.

"என்ன இது?" என்றார் அழகுமுத்து முதல் நாள்.

"பலாப் பிஞ்சுங்க. பள்ளத்துலேருந்து அட்டன் கடைக்கு வந்துச்சாம்."

அழகுமுத்து ஒரு கவளம் போட்டார். மென்றார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் போடச் சொன்னார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் வயிறு கனக்கவில்லை. வாரம் முடிவதற்குள், தப்புக்காரன் கம்பை எடுக்குமுன் தகரக் கதவு திறந்துகொண்டது. உள்ளே முனகல் இல்லை. வெளியே வந்த அழகுமுத்து, நாட்டைப் பிடித்த ராசா போல மேட்டில் நின்று மேசுகளை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நல்லது நடந்தால் காரணம் தேட வேண்டுமே. சீமை உப்புப் போத்தலை அலமாரியின் நடுத் தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கடைவீதியில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "மனுசனுக்கு ஒழுங்கு வேணும். லண்டன்காரன் உப்பைப் பாரு, அதுலயே ஒரு ஒழுங்கு" என்று உபதேசம் செய்தார். உபதேசம் கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பேச்சியம்மாவின் மடியில் போவது என்னவென்று தெரியும். லயத்தில் இரகசியம் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் சொல்லி அந்தப் பக்கம் கேட்பது.

காலை மழையில் காட்டுப்பாதை வழுக்கத் தொடங்கியது. பக்கத்துக் கட்டைகளில் பறித்தது தீர்ந்து, பேச்சியம்மா இன்னும் மேலே ஏற வேண்டியிருந்தது. ஒரு நாள், மடியைப் பின்கதவில் அவிழ்த்துவிட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் களத்துக்கு ஓடி வந்தபோது, கடைசிப் பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது.

"பேர் போடுங்கையா."

"பெரட்டு முடிஞ்சுது."

"இப்பத்தானேங்க கடைசிப் பேரு கூப்புட்டீங்க. வரும்போதே காதுல விழுந்துச்சு."

"காது வந்தாப் போதாது. ஆளும் வரணும்" என்றார் அழகுமுத்து. "எங்க போயிருந்த?"

பேச்சியம்மா வாயைத் திறந்தாள். நாகலெட்சுமிக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்தது. மூடினாள். "காட்டோரம் ஒரு சோலிங்க."

"காட்டோரமா? வெளிக்குப் போக இத்தனை நேரமா ஒருத்திக்கு?" அழகுமுத்து பிரம்பால் மேசுக் காலைத் தட்டிக்கொண்டார். "என்னைப் பாரு. எழும்புனேன், போனேன், வந்தேன். வயித்தை ஒழுங்கா வச்சிருக்கிறவனுக்குத்தான் வாழ்க்கையும் ஒழுங்கா இருக்கும். நீ போ. இன்னைக்குப் பேர் இல்லே."

வரிசையில் நின்ற வேலாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அந்த லண்டன் உப்பு எந்த மரத்துலங்க பூக்குது?"

களம் முழுக்கச் சிரிப்பு. அழகுமுத்துவின் காது சிவந்தது. "வாயை மூடு. உனக்கும் பேர் வேணாமா?" என்றார். வேலாயி மூடினாள். பேச்சியம்மா கூடையோடு மேலே ஏறினாள். அவள் வயிறு காய்ந்து பறித்த காளானில் வயிறு இளகிய மகராசன், தொப்பியைச் சரிசெய்துகொண்டு மலைக்கு நடந்தார்.

அடுத்த வாரமும் ஒரு நாள் அதே கதை. அதற்கு மறுநாள் பேச்சியம்மா வெறும் மடியோடு பின்கதவுக்கு வந்தாள்.

"இனி என்னால ஏலாதும்மா. ஐயா வயித்தைத் தொறக்கப் போயி, என் பிள்ளைக வயித்துல மண்ணு விழுது."

அன்று சாயந்தரம் நாகலெட்சுமி புருஷனிடம் பேசிப் பார்த்தாள். "அந்தப் பேச்சியம்மாவுக்குப் போன பேரைப் போட்டுக் குடுத்தா என்னங்க?"

"ஒருத்திக்கு விட்டா நாளைக்கு லயமே பிந்தி வரும். அடுத்த கிழமை ஏஜன்ட் தொரை வாராரு. எம் பெரட்டு கோடு போட்ட மாதிரி நிக்கணும்."

"அவ ஏன் பிந்துறான்னு கேக்க மாட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? நான் தொரை மாதிரி. காரணம் கேக்குறதில்லை."

சரி என்றாள் நாகலெட்சுமி. காளானை நிறுத்தினாள். முழுப் பாண் மேசைக்குத் திரும்பியது. பின்னாலேயே டின் மீனும் வந்தது. சீமை உப்பு அலமாரியில் சாமிக்குப் பக்கத்தில் தன் ஒழுங்கோடு நின்றது.

ஏஜன்ட் தொரை வருகிற அன்று அழகுமுத்து தப்புக்கு வெகு முன்பே எழுந்துவிட்டார். புதுத் தொப்பி, கஞ்சி போட்ட சட்டை. போனார். தகரக் கதவு மூடியது. தப்பு அடித்தது. கதவு திறக்கவில்லை. களத்தில் வரிசை நிறைந்தது. முதல் ஆளாக நின்றவள் பேச்சியம்மா. பெரிய தொரையும் ஏஜன்ட் தொரையும் வந்தார்கள். கீழ்ப் பிரிவிலிருந்து தொரைமாருக்குத் துணையாக ஏறி வந்த செல்லசாமி, பேர் கூப்பிட ஆள் இல்லாததைக் கண்டு, தொரை காட்டிய சாடைக்குத் தானே கூப்பிடத் தொடங்கினார். பெரிய மூளை இல்லாத செல்லசாமி பேர்களைத் திக்காமல் வாசித்தார். மேட்டில் ஒரு முனகல் எழுந்து, பாதை தாண்டிக் களம் வரை வந்தது. ஏஜன்ட் தொரை, தோட்டத்தில் மாடு ஏதும் கன்று போடுகிறதா என்று விசாரித்ததாக வேலாயி பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பேர் கூப்பிட்டாயிற்று. அப்போதுதான் ஓடி வந்தார் அழகுமுத்து. தொப்பி கையில். ஒரு மேசு முழங்காலில், ஒரு மேசு கணுக்காலில். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை. போன காரியமும் ஆகவில்லை. வந்த காரியமும் முடிந்துவிட்டது.

பெரிய தொரை மணிக்கூட்டைப் பார்த்தார். தொரைக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அதில் பாதியை அழகுமுத்து கூவக் கூவக் கேட்டே அவர் கற்றிருக்க வேண்டும்.

"கணக்கப்பிள்ளை, லேட். இன்னைக்குப் பேர் இல்லே. வூட்டுக்குப் போ."

வரிசையில் வேலாயி கூடைக் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னாள்: "காது வந்தாப் போதாதுங்க ஐயா."

ஓட்டுக் கூரை செல்லசாமிக்குப் போயிற்று. ரோசாப் பாத்தியும் அவருக்கே. அவர் அதில் பசளிக் கீரை போட்டார். அழகுமுத்துவைத் தொரை முழுவதும் விரட்டவில்லை. விரட்டக்கூட மெனக்கெடவில்லை என்பதே சரி. மேல் பிரிவிலேயே, அதே தகரக் கதவுக்குக் கீழே, அறுபதுகளின் நடுவில் ஓய்வு பெறும் வரை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்லசாமி தொரைக்குக் கோழி கொடுத்து வேலையைப் பிடித்தார் என்று கடைசி வரை சொன்னார். தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயில் போட்டது பலாப் பிஞ்சா காளானா என்று நாக்குக்கும் தெரியாமல், வயிற்றுக்கும் தெரியாமல், மனைவி கையை நிறுத்தியதும் கவிழ்ந்துபோன மனிதர். அவ்வளவுதான் அழகுமுத்துவின் சரித்திரம்.

"அது அப்படி இல்லைங்க" என்றாள் பூரணி. கீரைக் காம்பை ஒடித்த கை நிற்கவில்லை. "அம்மா நிறுத்தவே இல்லை. பேச்சியம்மா வர்றதை விட்ட பிறகு, அம்மாவே விடியக்காலையில போயிப் பறிச்சிட்டு வந்தாங்க. ராத்திரி தட்டுல வச்சு, மொத தடவையா நெசத்தைச் சொன்னாங்க. 'இது காளான். இத்தனை நாளும் பேச்சியம்மா உங்களுக்காகப் பொறுக்குனது. அதனாலதான் அவ பிந்துனா. போன பேரைப் போட்டுக் குடுக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாப்பிடுங்க'ன்னாங்க."

"சரி, அப்புறம்?"

"'மொத நாளே தெரியும். நான் லயத்துல பொறந்தவன்டி'ன்னாரு அப்பா. சொல்லிட்டு, தட்டைத் தள்ளி வச்சுட்டுப் பாணை எடுத்தாரு. தொரை வர்ற வரைக்கும் அம்மா தெனம் வச்சாங்க. அவரு தெனம் தள்ளினாரு."